ஊற்றுத் தண்ணீர், கருப்பு ஹோஸ், பழைய பிவிசி: கைக்குழந்தை உள்ள வீட்டில் எதை மாற்றுவது?

கேள்வி இதுதான். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு. சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து 400 மீட்டர் கருப்பு ஹோஸில் தண்ணீர் வந்து மாடி டேங்கில் விழுகிறது. டேங்கிலிருந்து சமையலறைக்கு அப்பா காலத்தில் போட்ட பிவிசி பைப். போன மாதம் ஹோஸை மாற்றியதிலிருந்து தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாடை. வீட்டில் 8 மாதக் குழந்தை, பால் பவுடர் கரைப்பதும் இந்தத் தண்ணீரில்தான். “அண்ணா, பிளாஸ்டிக் பைப்பில் வரும் தண்ணீரைக் குடித்தால் கேன்சர் வரும் என்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஜிஐ இரும்புப் பைப் போட்டுவிடலாமா?”

தம்பி, அவசரப்பட்டு எதையும் பிடுங்காதீர்கள். ஜிஐ கண்டிப்பாக வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் பயப்படுவது வாடை வரும் ஹோஸைப் பார்த்து. நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது வாடையே இல்லாத அந்தப் பழைய பிவிசியையும் அதன் முனையில் இருக்கும் குழாயையும்தான். பைப் ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டுக் குன்னூரில் குடியேறியவன் நான். நம் மலையில் வீடு வீடாகப் பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ‘பிளாஸ்டிக்’ என்று ஒரே பெயரில் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உங்கள் ஹோஸும் உங்கள் பிவிசியும் வேறு வேறு சரக்கு. அரை அடித் துண்டு வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உள்ளே காற்று நிற்காதபடி நெடுக்கில் பிளந்துவிட்டுப் போடுங்கள். ஹோஸ் மிதக்கும், பிவிசி கல் மாதிரி அடியில் போய் உட்காரும். ஹோஸ் என்பது பாலிஎத்திலீன், கடையில் எச்டிபிஇ என்பார்கள். அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, 0.95 பக்கம். பிவிசி 1.4. அந்தக் கனத்துக்குக் காரணம் குளோரின். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின்தான், அதாவது உப்பிலிருந்து எடுத்தது. மீதிதான் பெட்ரோலியத்திலிருந்து வருவது.

முதலில் ஹோஸ். பாலிஎத்திலீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். குளோரின் இல்லை, ஈயம் இல்லை, மென்மையாக்கும் எண்ணெயும் சேர்ப்பதில்லை. வெயிலில் வெடிக்காமல் இருக்க இரண்டு இரண்டரை சதவீதம் கார்பன் கரி கலப்பார்கள், கருப்பு நிறம் அதனால்தான். ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. பனிமூட்டத்தில் குளிராக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், மூட்டம் விலகியதும் முகம் கருத்துவிடும். பைப்புக்கும் அதே கதிதான். கரி கலந்த ஹோஸ் அதைத் தாங்கும்.

இனி அந்த வாடை. பாலிஎத்திலீனை 200 டிகிரிக்கு மேல் உருக்கித்தான் பைப்பாக இழுக்கிறார்கள். அந்தச் சூட்டில் கருகாமல் இருக்கக் கொஞ்சம் ஆன்டி ஆக்சிடன்ட் சேர்ப்பார்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டு உடையும்போது ஃபீனால் வகைச் சேர்மங்கள் சில உண்டாகி, மிக மிகக் குறைந்த அளவில் தண்ணீருக்கு வரும். நம் மூக்கும் நாக்கும் அதைச் சட்டென்று பிடித்துவிடும். புது ஹோஸில் சில வாரம் இது இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு, தேயிலைச் சரிவில் வெயில் காய்ந்த ஹோஸில் வரும் முதல் தண்ணீரில் தூக்கலாக இருக்கும், காலையில் குறையும். தரமான ஹோஸ் என்றால் இந்த வாடை நாளாக ஆகக் குறைந்துகொண்டே போக வேண்டும். இரண்டு மாதம் ஆகியும் அதே வாடை, அல்லது மண்ணெண்ணெய், மருந்து மாதிரி ஏதாவது வாடை என்றால், அதைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

ஏனென்றால் ‘தரமான ஹோஸ் என்றால்’ என்று நான் போட்டிருப்பது பெரிய நிபந்தனை. நம் மலைக் கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும் கருப்பு ஹோஸில் பாதிக்கு மேல் எழுத்தே இருக்காது. அது பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்தது. உருகிய பிளாஸ்டிக்கில் எண்ணெய் கேன் இருந்ததா, பூச்சி மருந்து கேன் இருந்ததா என்று விற்கிறவருக்கே தெரியாது. செடிக்குப் பாய்ச்ச அது போதும். குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாம். குடிநீர் ஹோஸுக்கு இந்தியத் தரம் ஐஎஸ் 4984. அதில் வெளியிலிருந்து வரும் ரீசைக்கிள் பிளாஸ்டிக்குக்கு இடமே கிடையாது. உங்கள் ஹோஸை ஊற்றுப் பக்கமிருந்து கையால் தடவிக்கொண்டே வாருங்கள். கருப்பின் மேல் நீலக் கோடு ஓடுகிறதா, ஐஎஸ்ஐ முத்திரை, 4984 என்ற எண், பிஇ 80 அல்லது பிஇ 100 என்ற பாலிஎத்திலீன் வகை, அழுத்த அளவு, விட்டம், லைசென்ஸ் எண் எல்லாம் திரும்பத் திரும்ப அச்சாகி வருகிறதா என்று பாருங்கள். அந்த லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் எந்த ஆலை, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். பிளேடால் ஓரத்தைச் சீவிப் பார்ப்பதும் நல்ல வழி. நல்ல சரக்கு வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று சீவும். ரீசைக்கிள் என்றால் நடுவே பருக்கை பருக்கையாகவும் காற்றுப் புள்ளியாகவும் தெரியும்.

இதே பயத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மருந்து வந்த நீல டிரம்மைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் இங்கே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள் பலவற்றில் உண்டு. பாலிஎத்திலீன் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பக் கொடுக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே குடிநீரிலிருந்து விலக்கிவிடுங்கள்.

இனி பிவிசி. ‘கேன்சர்’ என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதி உண்மையைக் கேட்டிருக்கிறார்கள். பிவிசி செய்யும் மூலப்பொருள் வினைல் குளோரைடு என்ற வாயு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது ஐயமில்லாமல் உறுதியானது. 1974-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு பிவிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு மிக அபூர்வமான ஒருவகைக் கல்லீரல் புற்று அடுத்தடுத்து வந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அவர்கள் வருடக்கணக்கில் அந்த வாயுவைச் சுவாசித்தவர்கள். வாயு பிவிசியாக இணைந்த பிறகு அந்தக் குணம் போய்விடும். இணையாமல் மிச்சம் தங்குவதுதான் பிரச்சினை. அந்தக் காலத்துப் பைப்பில் மிச்சம் கூடுதலாக இருந்தது. 1970-களின் கடைசியிலிருந்து மிச்ச வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பிவிசித் தூளை ஆலைக்கு வெளியே விடுகிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வினைல் குளோரைடு மைனஸ் 13 டிகிரியிலேயே கொதித்துப் போகும் சரக்கு. தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் துளி மிச்சமும் ஓடிவிடும். ஆகவே என் கவலை அதுவல்ல. கொதிக்க வைத்தாலும் போகாத ஒன்று இருக்கிறது.

பிவிசியைச் சூடாக்கினால் அது தானே உடைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். ஆலையில் உருக்கி இழுக்க வேண்டுமென்றால் அதைத் தடுக்க ஒரு ஸ்டெபிலைசர் சேர்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் வெகுகாலம் சேர்த்தது ஈயச் சேர்மம். விலை மலிவு, வேலையும் சுத்தம். அமெரிக்காவில் குடிநீர்ப் பைப்புக்கு வெள்ளீயச் சேர்மம் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஆலைகள் 2015-க்குள் ஈயத்தை விட்டுவிட்டன. இங்கே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் பிவிசி பைப்பில் ஈய ஸ்டெபிலைசரைக் கட்டுப்படுத்தித் தனி விதியே கொண்டுவந்தது. இப்போது வரும் நல்ல பைப்பில் கால்சியம் துத்தநாகம் அல்லது வெள்ளீயச் சேர்மம் இருக்கும்.

இந்த இடத்தில் நம் மொழி ஒரு சங்கடத்தைக் கொடுக்கிறது. ‘ஈயம்’ என்றதும் பாட்டி வைக்கும் ஈயச் சொம்பு ரசம்தானே நினைவுக்கு வருகிறது, அதில் என்ன கெடுதல் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. ரசச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது எல்லாம் வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், மீன் வலையில் கட்டும் குண்டு செய்வது. இரண்டும் வேறு உலோகம். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது காரீயம். இந்த அளவுவரை குழந்தைக்குப் பரவாயில்லை என்று சொல்ல ஒரு எல்லையே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குடிநீரில் நம் ஐஎஸ் 10500 தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். அதற்கு நிறமில்லை, ருசியில்லை, வாடையில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி ஈயம் தங்கும், போகாது. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

அதற்காக அப்பா போட்ட பைப் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஈயம் பிவிசிக்குள் சிக்கி நிற்பது. தண்ணீரைத் தொடும் மேல்படலத்திலிருந்துதான் அது கரைந்து வரும். புதுப் பைப்பில் அதிகம், பழகப் பழகக் குறையும். சமவெளியில், கடினத் தண்ணீர் ஓடும் ஊரில் இதே பைப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். நம் மலைத் தண்ணீர்தான் விஷயம்.

தேயிலை ஏன் இங்கே இவ்வளவு நன்றாக வருகிறது? மண் புளிப்பு. புளிப்பைச் சொல்லும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலை கேட்பது பிஎச் நாலரை முதல் ஐந்தரை வரை. அந்த மண்ணில் ஊறி, எளிதில் கரையாத பாறையின் மேல் ஓடிவரும் நம் ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. பிஎச் தாளை நனைத்தால் பல ஊற்றுகளில் ஆறு பக்கம் நிற்கும், தரம் கேட்பதோ குறைந்தது 6.5. சோப்பு போட்டால் நுரை போகவே போகாது, பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். சமவெளியிலிருந்து வரும் உறவுக்காரர்கள் ‘என்ன தண்ணீர்டா இது’ என்று ஆசையாகச் சொல்லும் அதே தண்ணீருக்கு, உலோகத்தைக் கண்டால் கரைத்து எடுத்துக்கொள்ளும் பசி உண்டு. கடினத் தண்ணீர் பைப்பின் உள்ளே சுண்ணாம்புப் பூச்சு பூசித் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும். நம் தண்ணீர் எதையும் பூசாது.

ஜிஐ வேண்டாம் என்றதும் இதனால்தான். ஜிஐ என்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. பூச்சுக்கு எடுக்கும் துத்தநாகத்திலேயே கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும். மென்மையான புளிப்புத் தண்ணீர் அந்தப் பூச்சைத் தின்றுவிட்டுப் பிறகு இரும்பைத் தொடும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வரும் வீடுகளைக் குன்னூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். மரையில் சணல் சுற்றி வெள்ளைப் பேஸ்ட் தடவுவார்களே, பழைய நாளில் அந்தப் பேஸ்ட்டிலும் காரீயம் இருந்தது. பித்தளைக் குழாயிலும் உண்டு. கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சாதாரணப் பித்தளையில் இரண்டு மூன்று சதவீதம் காரீயம் சேர்ப்பார்கள். சமையலறைச் சிங்க் குழாய் பித்தளையாக இருந்தால் இரவெல்லாம் அதில் நின்ற தண்ணீர்தான் விடிந்ததும் முதல் டம்ளரில் விழுகிறது.

ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு சமையலறைக் குழாயை யாரும் திறக்கக் கூடாது. காலையில் திறந்ததும் வரும் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் திறந்துவிட்டு இரண்டாவது பாட்டில். டேங்கில் ஹோஸ் விழும் வாயில் மூன்றாவது. பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘தண்ணீர் டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் பிஎச், உப்பு, கடினத்தன்மை எல்லாம் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள், அதில் காரீயம் இருக்காது. “காரீயம் மைக்ரோகிராம் அளவில் வேண்டும், பிஎச்சும் வேண்டும்” என்று தனியாக எழுதிக் கொடுங்கள். அதற்கு வேறு கருவி வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் விசாரியுங்கள், இல்லையென்றால் கோவையில் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துக் கொடுங்கள். முதல் பாட்டிலில் கூடுதல், இரண்டாவதில் குறைவு என்றால் குற்றவாளி குழாயும் பக்கத்துப் பைப்பும். மூன்றிலும் இருந்தால் ஹோஸையும் ஊற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

எண் வரும்வரை காலையில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். எவ்வளவு? அரை இன்ச் பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 180 மில்லி பிடிக்கும். டேங்கிலிருந்து குழாய்வரை 20 மீட்டர் என்றால் மூன்றரை லிட்டர். ஒரு சின்ன வாளி நிறைய விட்டுவிட்டால் இரவு நின்ற தண்ணீர் முழுக்கப் போய்விடும், அதைச் செடிக்கு ஊற்றுங்கள்.

பைப்பைப் பிடுங்காமலே தண்ணீரின் பசியைக் குறைக்கவும் வழி உண்டு. டேங்குக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய ஒரு தொட்டி வழியாகத் தண்ணீரை விட்டால், புளிப்புக்குத் தகுந்த அளவு கல் கரைந்து பிஎச் ஏறும். தேவைக்கு மேல் கரையாது என்பதுதான் அதன் நல்ல குணம். மழைக்காலத்தில் சேறு அடைக்கும், அடிக்கடி கழுவ வேண்டும். சுட்ட சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வாயைப் புண்ணாக்கிவிடும்.

சுவரில் வெளியே ஓடும் பிவிசியைக் கையால் தேய்த்துப் பாருங்கள். விபூதி மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? வெயிலில் மேல்பரப்பு சிதைந்து வரும் தூள் அது. 1996-ல் அமெரிக்காவில் வினைல் ஜன்னல் திரைகளைச் சோதித்தபோது, வெயில் பட்டுச் சிதைந்த பரப்பில் காரீயத் தூசு இருந்தது தெரிய வந்தது. காரணம் இதே ஸ்டெபிலைசர். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள். அதோடு, வெயிலில் நொந்த பிவிசி டிசம்பர், ஜனவரி உறைபனியில் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். ஆகவே வெளியே ஓடும் அந்த நீளத்தையாவது மாற்றுவது நல்லதுதான்.

மாற்றினால் எதைப் போடுவது? குளிர்ந்த தண்ணீருக்கு ஐஎஸ் 4985 முத்திரையும் ஈயம் இல்லை என்ற அச்சும் உள்ள பிவிசி போதும். வெந்நீருக்கு அது கூடவே கூடாது, 45 டிகிரிவரைதான் அதற்குக் கணக்கு. பாய்லர், கீசர் பக்கம் சூடு தாங்கும் சிபிவிசி, ஐஎஸ் 15778. இல்லையென்றால் சூட்டில் உருக்கி ஒட்டும் பிபிஆர், ஐஎஸ் 15801. அதில் குளோரினும் இல்லை, ஒட்டும் சொல்யூஷனும் இல்லை. ஆள் கிடைத்தால் என் ஓட்டு பிபிஆருக்கு. ஐஎஸ் 13592 என்று இருந்தால் அது கழிவுநீர்ப் பைப். வயரிங் பைப்பில் தண்ணீர் விடும் வீட்டையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே கண்ணாடி மாதிரித் தெரியும், வளையும் பிவிசி ட்யூப் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிவிசியை அப்படி வளைய வைப்பது தாலேட் எண்ணெய், எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும். கெட்டியான பைப்பில் அந்த எண்ணெய் கிடையாது. ‘பிவிசி என்றாலே தாலேட்’ என்று படித்துவிட்டு எல்லாப் பைப்பையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பிளம்பர் வந்தால் இரண்டு விஷயத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒன்று, சொல்யூஷன். அதில் இருப்பது பிவிசியையே கரைக்கும் திரவங்கள். நம் குளிரில் அவை ஆவியாக நேரம் எடுக்கும். சமவெளியில் ஒரு இரவு விட்டால் போதும் என்றால் இங்கே இரண்டு நாள் விடுங்கள், பிறகு இரண்டு டேங்க் தண்ணீரை ஓட்டி வீணாக்குங்கள். இரண்டு, காகிதம் கொளுத்திப் பைப்பை வாட்டி வளைப்பது. மூக்கை அரிக்கும் அந்தப் புகைதான் மேலே சொன்ன அமிலம். அதற்குத்தானே எல்போ இருக்கிறது. வெட்டிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடுவது இங்கே சகஜம். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திய வீட்டில் அதைச் சுவாசிப்பது உங்கள் குழந்தை.

ஹோஸுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காட்டுத்தீ காலம். தீ உங்கள் ஹோஸ் வழியாகப் போனால், உருகிய துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளாதீர்கள். 2017-லும் 2018-லும் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் வந்தது. வெந்த பிளாஸ்டிக்கும் உள்ளே இழுத்த புகையும் காரணம். அது உண்மையிலேயே ரத்தப் புற்று தரும் சரக்கு. பாலிஎத்திலீன் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் விடும். தீ பட்ட இடத்துக்கு இரு பக்கமும் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஹோஸ் பக்கத்தில் பெட்ரோல், டீசல் கேன் வைத்தாலும் இதே கதைதான், சுவரைத் துளைத்து உள்ளே போகும்.

கிருமியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் 8 மாதக் குழந்தைக்கு இந்த வாரமே ஆபத்து என்றால் அது கிருமிதான். சோலைக்குள் ஊற்றுவாய் திறந்து கிடந்தால் காட்டெருமையும் மானும் குடித்துவிட்டுப் போன தண்ணீர்தான் உங்களுக்கும். ஊற்றுவாய்க்கு மூடி போடுங்கள், குழந்தைக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

சோதனை முடிவு வரும்வரை பால் பவுடர் கரைக்கும் தண்ணீரைச் சமையலறைக் குழாயில் பிடிக்க வேண்டாம். ஹோஸில் 4984 முத்திரை இருந்தால், நீங்கள் பயந்த அந்த ஹோஸின் வாயிலிருந்தே, டேங்கில் விழுவதற்கு முன்னால், ஒரு எவர்சில்வர் குடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பிடியுங்கள், அப்போது வாடை குறைவாக இருக்கும். மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் மிச்ச வாடையும் பெரும்பாலும் போய்விடும். முத்திரை இல்லையென்றால் ஹோஸ் மாற்றும்வரை ஊற்றிலேயே போய்ப் பிடித்துவருவதுதான் வழி. மூன்று பாட்டிலின் எண்களும் வந்ததும் எழுதுங்கள், எந்த நீளத்தை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.